ஸ்பா முகாமைத்துவம் படிக்க எந்தப் பட்ட வழி?

கேள்வி இதுதான்: உயர்தரத்தில் வணிகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. வீடு யாழ்ப்பாணத்தில். ஸ்பா முகாமைத்துவம் படிக்க விருப்பம். இங்கிலாந்தில் இரண்டு வருடப் பவுண்டேஷன் டிகிரி, மூன்று வருட ஒனர்ஸ் பட்டம், அல்லது இங்கே எச்.என்.டி (உயர் தேசிய டிப்ளோமா) முடித்துக் கடைசி வருடத்தை மட்டும் அங்கே டொப்-அப் ஆகச் செய்வது என்று மூன்று வழி சொல்கிறார்கள். எதை எடுப்பது?

நேரடியாகவே சொல்கிறேன். பவுண்டேஷன் டிகிரிக்காக மட்டும் வெளிநாடு போக வேண்டாம். மற்ற இரண்டில், காசு கையில் இருந்தால் ஒனர்ஸ்; காணியை ஈடுவைத்துத்தான் போக வேண்டுமென்றால் எச்.என்.டி வழி. ஆனால் இந்த மூன்றில் ஒன்றுக்குக் கையெழுத்து வைக்க முன்னர், இலங்கை அரச பல்கலைக்கழகங்களில் இருக்கும் நான்காவது வழியைப் பார்த்தே ஆக வேண்டும். முகவர் நிலையங்களில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்; அவர்களுடைய தரகு அதில் இல்லை.

வழியைத் தெரிவதற்கு முன் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்பா என்றால் மசாஜ் என்று நினைத்துப் படிப்பைத் தேடுபவர்கள்தான் பிழையான பாடநெறியில் போய் மாட்டுகிறார்கள். கையால் சிகிச்சை செய்பவர் தெரப்பிஸ்ட். முகாமையாளர் பார்ப்பது அறை, ஆள், தண்ணீர், கணக்கு.

ஒரு உதாரணக் கணக்கு. நாலு சிகிச்சை அறை, நாளுக்கு 10 மணித்தியாலம், மாதம் 26 நாள் திறந்திருக்கும் ஒரு ஸ்பா. விற்கக்கூடிய அறை நேரம் 1040 மணித்தியாலம். விற்றது 416 என்றால் பயன்பாடு 40 வீதம். முதலாளி உடனே விளம்பரம் போதாது என்பார். ஆனால் அங்கே வேலை செய்வது நாலு தெரப்பிஸ்ட். ஒருவர் ஒரு நாளில் தன் உடம்பைக் கெடுக்காமல் கையால் செய்யக்கூடியது 5 மணித்தியாலம் அளவில்தான்; அதற்கு மேல் தொடர்ந்து வாங்கினால் பெருவிரல் மூட்டும் மணிக்கட்டும் பழுதாகும், ஆள் வேலையை விட்டுப் போய்விடுவார். நாலு பேரும் 26 நாளும் வந்தாலும் மொத்தம் 520 மணித்தியாலம். விற்ற 416 அதில் 80 வீதம். ஆக, அறை வெறுமையாகக் கிடப்பதற்குக் காரணம் வாடிக்கையாளர் குறைவு அல்ல, கை குறைவு. விளம்பரத்துக்குக் காசு கொட்டினால் முறைப்பாடுதான் கூடும். இந்த இரண்டு வீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழக்குவதுதான் நல்ல பாடநெறி. நீங்கள் வணிகப் பிரிவு என்பதால் இந்தப் பகுதி உங்களுக்குச் சுலபம்.

சுலபமில்லாதது தண்ணீர். பலர் விண்ணப்பிக்கும்போது இதை நினைப்பதே இல்லை. சுடுநீர்த் தொட்டி 40 பாகை செல்சியசுக்கு மேல் போகக்கூடாது. நீராவி அறை 40 முதல் 45 பாகை, ஈரப்பதன் கிட்டத்தட்ட 100 வீதம். உலர் சோனா 70 முதல் 100 பாகை. லெஜியோனெல்லா கிருமி 20க்கும் 45க்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நன்றாகப் பெருகும். அதனால்தான் சுடுநீரை 60 பாகையில் சேமித்து, திறக்கும் இடத்தில் குளிர்நீர் கலந்து குறைக்கிறார்கள். தொட்டியில் குளோரின் லீற்றருக்கு 3 முதல் 5 மில்லிகிராம், பிஎச் 7.2 முதல் 7.6 என்று ஒரு நாளில் பல தடவை சோதித்துப் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். இது தவறினால் வருவது நுரையீரல் நோய், அதில் சாவும் வரலாம். முகாமையாளர்தான் பொறுப்பு.

யாழ்ப்பாணத்தில் ஸ்பா நடத்த நினைப்பவருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது நீராவி இயந்திரத்தின் சூடாக்கியிலும் அப்படியே படியும். மென்னீராக்கி இல்லாமல் இயந்திரத்தைப் பூட்டினால் முதலில் நீராவி வரச் சுணங்கும், பிறகு மின்கட்டணம் ஏறும், கடைசியில் சூடாக்கி எரியும். தண்ணீரின் வன்மையை முதலில் சோதித்து, அதற்கேற்ற அளவில் மென்னீராக்கி எடுத்து, அதற்கு உப்புப் போடுவதையும் மாதச் செலவில் சேர்க்க வேண்டும். கொழும்பிலோ இங்கிலாந்திலோ படித்தாலும் இந்தக் கேள்வியை விரிவுரையாளரிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஆகவே எந்தப் பாடநெறியையும் பெயரைப் பார்த்து எடைபோடாதீர்கள். பாட அலகுகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். நிதி, மனிதவளம், தண்ணீரும் சுகாதாரமும், சிகிச்சைச் செய்முறை, உள்ளகப் பயிற்சி ஆகிய ஐந்தும் அதில் எங்கே இருக்கின்றன, எத்தனை திறமைப்புள்ளி (கிரெடிட்) என்று பாருங்கள். செய்முறை அறையே இல்லாத ‘ஸ்பா’ பட்டங்களும் உண்டு. நிதிப் பாடமே இல்லாத அழகுக்கலை டிப்ளோமாவை முகாமைத்துவம் என்று விற்பதும் உண்டு.

இப்போது அந்த நான்காவது வழி. கம்பஹா விக்கிரமாராச்சி சுதேச மருத்துவப் பல்கலைக்கழகம், யக்கலவில் இருப்பது, 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஆயுர்வேத மருத்துவப் பட்டத்துக்குத்தான் பெயர்பெற்றது என்றாலும், அங்கே சுகாதாரச் சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் முகாமைத்துவத்தில் ஒரு பட்டப்படிப்பும் இருக்கிறது. இலங்கை அரச பல்கலைக்கழகங்களில் நீங்கள் கேட்பதற்கு மிகக் கிட்டவாக நிற்பது அதுதான். அடுத்த வளையத்தில், பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் சுற்றுலா முகாமைத்துவம், பதுளையில் ஊவா வெல்லஸ்ஸவின் விருந்தோம்பல், சுற்றுலா மற்றும் நிகழ்வு முகாமைத்துவம், மிஹிந்தலையில் ரஜரட்டவின் சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் முகாமைத்துவம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் ஸ்பா என்ற சொல்லைத் தேட வேண்டாம்; சுற்றுலா, விருந்தோம்பல் என்று தேடுங்கள். ஒவ்வொரு பாடநெறிக்கும் உயர்தரத்தில் எந்தப் பாடங்கள் இருக்க வேண்டும் என்பதை உங்கள் ஆண்டுக்குரிய கையேட்டில் மட்டுமே பாருங்கள். போன வருடக் கையேட்டை அண்ணனிடம் வாங்கிப் பார்த்து விண்ணப்பித்துத் தவறவிடுபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. உங்கள் இசட் புள்ளியை யாழ் மாவட்ட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கொழும்பு மாவட்டத்தோடு அல்ல. விண்ணப்பத்தில் விருப்ப வரிசை மிக முக்கியம். மேலே எழுதியது கிடைத்தால் கீழே உள்ளது போய்விடும். யாழ் பல்கலைக்கழக முகாமைத்துவத்தை ஒரு பாதுகாப்புக்காக முதலில் எழுதிவிட்டு, பிறகு கம்பஹா கிடைக்கவில்லையே என்று கவலைப்படுவதில் பயனில்லை. உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் எழுதுங்கள். அதேவேளை, யாழ் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடத்தில் பொது வணிகப் பட்டம் எடுத்தாலும் இந்தத் துறையின் கதவு மூடாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று வழிக்கு வருவோம். இங்கிலாந்தில் முழுநேரப் படிப்பில் வருடம் ஒன்றுக்கு 120 திறமைப்புள்ளி. பவுண்டேஷன் டிகிரி 240, எச்.என்.டியும் 240, ஒனர்ஸ் பட்டம் 360. டொப்-அப் என்பது கடைசி 120. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் வருடத்துக்கு 30 புள்ளி, நாலு வருட ஒனர்ஸ் 120 புள்ளி. இரண்டு எண்ணையும் குழப்பி, ‘அங்கே ஒரு வருடத்தில் 120 புள்ளி, இங்கே நாலு வருடத்தில்தான் 120’ என்று சிலர் விற்பனை செய்கிறார்கள். ஒரு புள்ளிக்கு அங்கே கணக்கிடுவது 10 மணித்தியாலப் படிப்பு, இங்கே 50. அதனால் எண்ணை ஒப்பிட வேண்டாம், மட்டத்தை ஒப்பிடுங்கள்.

பவுண்டேஷன் டிகிரியில் வேலையிடப் பயிற்சி அதிகம், உள்ளூர் ஆங்கிலேய மாணவனுக்கு நல்ல படிப்பு. எங்களுக்கு அதில் இடிப்பது மூன்று விஷயம். முதலாவது, அது முழுப் பட்டமல்ல, ஒரு படி கீழே. அதனால் மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் கிழமைக்கு 10 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். பட்ட மட்டப் படிப்பென்றால் 20. இரண்டாவது, படிப்பு முடிந்ததும் அங்கே நின்று வேலை தேட உதவும் பட்டதாரி விசா, பவுண்டேஷன் டிகிரிக்குக் கிடைக்காது. மூன்றாவது, ஆங்கிலப் பரீட்சை. பட்ட மட்டத்துக்குக் கீழான படிப்புக்கு விசாவுக்கென அங்கீகரித்த பரீட்சையைத்தான் எழுத வேண்டும்; சாதாரண ஐஈஎல்டிஎஸ் சான்றிதழை வைத்திருப்பவர் மறுபடி காசு கட்டி எழுத வேண்டிவரும். இரண்டு வருடம் கழித்து டொப்-அப் செய்யலாம் என்பார்கள். செய்யலாம். ஆனால் அதற்குள் முழு வெளிநாட்டுக் கட்டணம் இரண்டு வருடம் கட்டியிருப்பீர்கள், விசாவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அப்போதைய விதி எப்படியிருக்கும் என்று கையில் உத்தரவாதம் இல்லை. அந்தப் பட்டதாரி விசாவே இரண்டு வருடம் இருந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம் என்று குறைத்துவிட்டார்கள்.

மூன்று வருட ஒனர்ஸ் இந்தச் சிக்கல்களைத் தவிர்க்கிறது. நடுவில் ஒரு வருடம் சம்பளத்தோடு வேலையிடப் பயிற்சி உள்ள நாலு வருட வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள். இந்தத் துறையில் அந்த ஒரு வருடம் முதல்தரச் சித்தியைவிட மதிப்பானது. பயம் வேறிடத்தில். ஸ்பா முகாமைத்துவம் என்ற பெயரிலேயே நடக்கும் பட்டங்கள் உலகம் முழுவதும் மிகக் குறைவு. டார்பி பல்கலைக்கழகம் பக்ஸ்டன் என்ற பழைய நீரூற்று நகரில் சர்வதேச ஸ்பா முகாமைத்துவம் நடத்தி வந்தது, பலரும் சொல்லும் உதாரணம் அதுதான். இப்படி மாணவர் தொகை சிறிதான பாடநெறிகளை ஒரு வருடம் ஆள் சேராவிட்டால் நிறுத்திவிடுவார்கள், அல்லது விருந்தோம்பல் பட்டத்துக்குள் இரண்டு பாடமாகச் சுருக்கிவிடுவார்கள். அதனால் முற்பணம் கட்ட முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: இந்த வருடம் இந்தப் பாடநெறி நடக்குமா, இடையில் நிறுத்தினால் சேர்ந்தவர்களைக் கடைசி வருடம் வரை படிப்பிப்பீர்களா, கட்டணம் திரும்புமா. பதில் எழுத்தில் வர வேண்டும். முகவர் வாயால் சொன்னது செல்லாது.

செலவில் பலர் மறப்பது விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம்: மாணவருக்கு வருடம் 776 பவுண், படிப்புக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே. வங்கியில் காட்டும் காசு 28 நாள் தொடர்ச்சியாகக் குறையாமல் கிடக்க வேண்டும். ஒரே ஒரு நாள் தேவைக்கு எடுத்துத் திருப்பிப் போட்டாலும் விண்ணப்பம் விழும்.

எச்.என்.டி வழிதான் மத்தியதர வீட்டுப் பிள்ளைக்குக் கைக்கெட்டுவது, ஆனால் அதில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். சிலியேட் எனப்படும் அரச உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தில் சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் முகாமைத்துவ எச்.என்.டி இருக்கிறது, எந்த நிலையங்களில் அந்த வருடம் நடத்துகிறார்கள் என்று குருநகரில் உள்ள யாழ் நிலையத்தில் விசாரியுங்கள். தனியார் நிலையங்களில் இருப்பது பியர்சன் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் எச்.என்.டி. இரண்டுக்கும் பின்னால் டொப்-அப் போக முடியும். இடறும் இடம் பாடப் பொருத்தம். பொது வணிக எச்.என்.டியோடு ஸ்பா டொப்-அப்புக்குப் போனால், செய்முறைப் பாடங்கள் இல்லை என்று இரண்டாம் வருடத்தில் போடுவார்கள். ஒரு வருடக் கணக்கு இரண்டாகும். எச்.என்.டியில் சேர முன்னரே, போக நினைக்கும் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பாட அலகுப் பட்டியலை அனுப்பி, கடைசி வருடத்தில் நேரே எடுப்பீர்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் அரச வேலை எண்ணம் இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பட்டத்தைத் தரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறதா, ஒரு வருட டொப்-அப்பை முழுப் பட்டமாக ஏற்பார்களா என்று ஆணைக்குழுவிடம் கடிதமாகக் கேளுங்கள்.

தொழிற்கல்வி ஏணியும் உண்டு. தேசிய தொழிற் தகைமையில் ஐந்தாம் மட்டம் டிப்ளோமா, ஆறு உயர் டிப்ளோமா, ஏழு பட்டம். ஏழாம் மட்டம் மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்குச் சமமானது. வெட்டுப்புள்ளி கைகொடுக்காதவர் இதைத் தாழ்வாக நினைக்கக் கூடாது.

இனி, எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றும் திட்டம். முதல் பட்டம் இலங்கையில், பரந்த முகாமைத்துவ அல்லது விருந்தோம்பல் பட்டம். அதோடு விடுமுறைகளில் ஒரு கைத்தொழில் தகைமை. ஸ்பா என்ற சிறப்புப் பெயர் முதுமாணியில். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகம் பார்னு நகரக் கல்லூரியில் நலவாழ்வு மற்றும் ஸ்பா சேவை வடிவமைப்பும் முகாமைத்துவமும் என்ற முதுமாணியை ஆங்கிலத்தில் நடத்தி வந்தது, இரண்டு வருடம், 120 ஐரோப்பிய திறமைப்புள்ளி; நீங்கள் போகும் வருடம் ஆள் எடுக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். பார்னு 1838இல் முதல் குளியல் நிலையம் தொடங்கிய, சேற்றுக் குளியல் சிகிச்சைக்குப் பேர்போன கடற்கரை நகரம், ஆகவே படிக்கும் இடமே பயிற்சிக்களம். முதல் பட்டத்துக்கு மூன்று, நாலு வருட வெளிநாட்டுக் கட்டணம் கட்டுவதைவிட, 24 வயதில் இரண்டு வருடம் கட்டுவது குடும்பத்துக்குத் தாங்கும். அதற்குள் மனம் மாறினாலும் கையில் பொதுப் பட்டம் இருக்கும். வங்கி, ஹோட்டல், விமான நிறுவனம் எங்கும் செல்லும். இலங்கை ஹோட்டல்களில் ஆள் எடுப்பவருக்கும் ‘விருந்தோம்பல் முகாமைத்துவம்’ என்றால் உடனே புரியும். ‘ஸ்பா முகாமைத்துவம்’ என்றால் விளக்கம் சொல்ல வேண்டும்.

கைத்தொழில் தகைமையைத் தட்டிக்கழிக்க வேண்டாம். ஒருநாள்கூடச் சிகிச்சை செய்யாத முகாமையாளரைத் தெரப்பிஸ்ட்கள் மதிப்பதில்லை. எண்ணெய் எவ்வளவு செலவாகும், ஒரு சிகிச்சைக்குப் பிறகு படுக்கையை மாற்றி அறையைத் தயாராக்க 15 நிமிடம் ஏன் வேண்டும் என்பதெல்லாம் செய்தவருக்குத்தான் தெரியும். அந்த 15 நிமிடத்தை அட்டவணையில் விடாத முகாமையாளரால்தான் பின்னேரம் எல்லாச் சந்திப்பும் ஒரு மணித்தியாலம் பிந்துகிறது. அழகுக்கலை, ஸ்பா சிகிச்சைக்கான தகைமைகளில் சர்வதேச அளவில் மதிப்புள்ளவை 1946இல் தொடங்கிய சிடெஸ்கோ அமைப்பினதும், ஐடெக் அமைப்பினதும். மூன்று நாள் ‘சர்வதேச ஸ்பா சான்றிதழ்’ என்று விளம்பரம் வருவதற்குக் காசு கொடுக்காதீர்கள். சொகுசுக் கப்பல் ஸ்பாவில் வேலை நினைப்பு இருந்தால், பொதுவாக 21 வயதுக்குக் கீழே எடுப்பதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டில் தம்பியோ தங்கச்சியோ உயிரியல் பிரிவில் இருந்தால் அவர்களுக்கு வழி வேறு. யாழ் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவம், கைதடியில், ஐந்து வருடமும் ஒரு வருட உள்ளகப் பயிற்சியும். அது மருத்துவப் பட்டம். முகாமைத்துவத்துக்குக் குறுக்கு வழியாக அதை எடுப்பது பிழை. ஆனால் உங்கள் தொழிலுக்கு அவர்கள் தேவை. தொக்கணம் (உடம்பு பிடித்துவிடுதல்), ஒற்றடம், வேது (ஆவி பிடித்தல்), எண்ணெய் முழுக்கு எல்லாம் எங்கள் மண்ணிலேயே உள்ளவை. கீரிமலைக் கேணியில் முழுகுவதை நாங்கள் ஸ்பா என்று சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இவற்றைச் சிகிச்சை என்று விளம்பரப்படுத்தி, உள்ளுக்கு மருந்தும் கொடுப்பதென்றால் பதிவுபெற்ற வைத்தியர் இருந்தே ஆக வேண்டும். முகாமையாளர் மருந்து சொல்லக் கூடாது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு சென்னையிலிருந்து நேரே வரும் விருந்தினருக்கு, பாலித் தீவு மசாஜைவிட இதுதான் இங்கே தேடத்தக்கது என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்பா என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் முகம் சுளிப்பார்கள். அந்தப் பெயரில் நடக்கும் தவறான இடங்களால் வந்த நியாயமான பயம் அது, அதைக் கோபமாக எதிர்க்க வேண்டாம். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு, தகைமையுள்ள தெரப்பிஸ்ட், விருந்தினரின் உடல்நிலைப் படிவம், துணி போர்த்தும் முறை, உள்ளிருந்து எப்போதும் திறக்கக்கூடிய கதவு, அவசர மணி என்று ஒழுங்கான இடம் எப்படி நடக்கும் என்பதை அம்மா அப்பாவுக்கு விளக்குங்கள். முடிந்தால் ஒரு நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பயிற்சிக்கு உங்களை எங்கே அனுப்புகிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்திடம் கேட்கவும் இதே பட்டியல் உதவும்.

இந்த மாதம் செய்ய வேண்டியது அதிகமில்லை. கையேட்டை எடுத்து உங்கள் பாடங்களுக்குப் பொருந்தும் சுற்றுலா, விருந்தோம்பல் பாடநெறிகளை விருப்ப வரிசையில் எழுதுங்கள். ஐஈஎல்டிஎஸ் இப்போதே எழுத வேண்டாம், பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். பிறப்புச் சான்றிதழ், உயர்தரச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதிகளை எடுத்து வையுங்கள். வெளிநாட்டுக்கு உறுதிப்படுத்தக் கொழும்பு போகத் தேவையில்லை, யாழ் மாவட்டச் செயலக வளாகத்திலேயே வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. முகவரிடம் ஏற்கனவே பதிந்திருந்தால், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடநெறி, எந்த மட்டம், சான்றிதழில் யாருடைய பெயர் அச்சாகும் என்ற நாலையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் முற்பணத்தைக் கொடுக்காதீர்கள்.